அசெம்பிளியை ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்வது எப்படி

அசெம்பிளி என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "அது மேதைகள் வேலை, நமக்குச் சரிப்படாது" என்பது ஒன்று. "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் எழுதுகிறார்கள்?" என்பது இன்னொன்று. இதையும் மீறி ஆசைப்பட்டு ஒருவர் புத்தகத்தைத் திறந்தால், முதலில் எண்முறைகள், அடுத்து பக்கம் பக்கமாகக் கட்டளை அட்டவணை. மனப்பாடம் செய்யப் பார்த்து, சலித்து, மூடி வைத்துவிடுவார்.

அவரிடம் குறையில்லை. தொடங்கிய இடம்தான் சரியில்லை. ஆரம்பத்தில் ஒரு பதினைந்து கட்டளைகள் தெரிந்தாலே தாராளம். உண்மையில் பிடிபட வேண்டியது, ஒரு கட்டளை ஓடி முடிந்ததும் ப்ராசஸருக்குள் எது மாறியது, எது மாறவில்லை என்பதுதான். இதைப் படித்து நினைவில் நிறுத்துவது கடினம், கண்ணால் பார்ப்பது சுலபம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "இது ஓடினால் என்ன மாறும்?" என்று ஊகியுங்கள். ஓட்டுங்கள். ஊகம் சரியா என்று பாருங்கள். தவறினால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் பயிற்சிகளும் இந்த முறையில்தான் போகின்றன.

அசெம்பிளி எது, எது இல்லை

ப்ராசஸருக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். நினைவகத்தில் வரிசையாகக் கிடக்கும் எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வேலையாகப் புரிந்துகொண்டு செய்யும். இன்றைய மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பரவலாக உள்ள இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில், "ஈஏஎக்ஸ் என்ற இடத்தில் 5ஐப் போடு" என்பதற்கான எண்வரிசை இது:

பி8 05 00 00 00

மொத்தம் ஐந்து பைட். பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கக்கூடிய அளவு, அதாவது எட்டு பிட். பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் இடம். இங்கே பைட்டுகளை ஹெக்ஸ் முறையில், அதாவது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் எழுதியிருக்கிறேன். ஒன்பதுக்கு மேல் ஏ, பி என எஃப் வரை எழுத்துகள் வருவது அதனால்தான். 'பி8' என்றால் "பின்னால் வரும் எண்ணை ஈஏஎக்ஸில் போடு". மீதி நான்கு பைட்டும் 5 என்ற எண். சிறிய இலக்கத்துக்கான பைட் முதலில் வரும் என்பதால் 05 முன்னாலும் சுழியங்கள் பின்னாலும் நிற்கின்றன. இப்படி வெறும் எண்களாக இருப்பதுதான் இயந்திர மொழி.

இதையே மனிதர் படிக்கும்படி எழுதினால் அசெம்பிளி:

மூவ் ஈஏஎக்ஸ், 5

இந்த வரியை அந்த ஐந்து பைட்டாக மாற்றித் தரும் நிரலுக்கு அசெம்பிளர் என்று பெயர். அசெம்பிளியும் இயந்திர மொழியும் ஒன்றே என்று பலர் சொல்வதுண்டு. மிக நெருக்கம்தான், ஆனால் ஒன்றல்ல. அசெம்பிளியில் இடங்களுக்குப் பெயர் வைக்கலாம், குறிப்பு எழுதலாம். ப்ராசஸரிடம் போய்ச் சேரும்போது அந்தப் பெயர்கள் எதுவும் இருக்காது.

இன்னொரு குழப்பம், அசெம்பிளி ஒரே மொழி என்று நினைப்பது. ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பத்துக்கும் அசெம்பிளி தனி. கைபேசிகளில் இருப்பது ஆர்ம் குடும்பம். 2020 முதல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் வைக்கும் எம் வரிசைச் சில்லுகளும் அதே குடும்பம்தான். 64 பிட் ஆர்மில் எல்லாக் கட்டளைகளும் சரியாக நான்கு பைட். இன்டெல் வகையில் ஒரு கட்டளை ஒரு பைட்டிலும் முடியலாம், பதினைந்து பைட் வரையும் நீளலாம். ஆகவே இணையத்தில் ஒரு துண்டு நிரலைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இது எந்த ப்ராசஸருக்கு?" இந்தக் கட்டுரை முழுவதும் எக்ஸ்86-64 எனப்படும் 64 பிட் இன்டெல், ஏஎம்டி வகைக்கும், லினக்ஸுக்கும் உரியது.

எண்களுக்குப் பதில் எழுத்துக் குறிகளை எழுதுவது கணினியின் முதல் நாட்களிலேயே வந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், டேவிட் வீலர் எழுதிய ஆரம்பக் கட்டளைத் தொகுப்பு ஓரெழுத்துக் குறிகளைப் படித்து எண்களாக மாற்றித் தந்தது. மனிதருக்கு நினைவில் நிற்க வேண்டும் என்ற தேவைதான் அன்றும் இன்றும் அசெம்பிளிக்குக் காரணம்.

ப்ராசஸருக்குள் என்ன இருக்கிறது

ஒரு கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மேசை மேல் பதினாறு சிலேட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எண்தான் எழுத முடியும். எதிரே சுவர் முழுக்க எண் போட்ட பெட்டிகள், கணக்கில்லாமல். முன்னால் ஒரு தாள், அதில் வரிக்கு ஒரு வேலை. அவர் விரல் எப்போதும் அடுத்துச் செய்ய வேண்டிய வரியின் மேல் இருக்கும். மேசையோரத்தில் சில சின்ன விளக்குகள். ஒரு கணக்குப் போட்டதும் விடை சுழியமா, எதிர்மறையா என்பதைப் பொறுத்து அவை எரியும், அணையும். கணக்கருக்கு நினைவாற்றல் கிடையாது. முந்தைய வரியில் என்ன செய்தார் என்று கேட்டால் தெரியாது. சிலேட்டு, பெட்டி, விரல், விளக்கு, இவற்றில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

ப்ராசஸர் கிட்டத்தட்ட இதுதான். சிலேட்டுகள் ரெஜிஸ்டர்கள், அதாவது ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் மிக வேகமான சேமிப்பிடங்கள். எக்ஸ்86-64இல் பொதுப் பயன்பாட்டுக்கு 16 உண்டு: ஆர்ஏஎக்ஸ், ஆர்பிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்எஸ்ஐ, ஆர்டிஐ, ஆர்பிபி, ஆர்எஸ்பி, பிறகு ஆர்8 முதல் ஆர்15 வரை. ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். சுவர்ப் பெட்டிகள் நினைவகம். பெட்டியின் மேல் உள்ள எண் முகவரி. விரல் இருக்குமிடம் ஆர்ஐபி என்ற தனி ரெஜிஸ்டர். விளக்குகளுக்கு ஃபிளாக் என்று பெயர்.

ஆர்ஏஎக்ஸ், ஈஏஎக்ஸ் என்று இரண்டு பெயர் வருவது புதியவரைக் குழப்பும். இரண்டும் ஒரே இடம்தான். 64 பிட் முழுவதையும் சொன்னால் ஆர்ஏஎக்ஸ், கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டும் சொன்னால் ஈஏஎக்ஸ். ஈஏஎக்ஸில் எதையாவது எழுதினால் மேல்பாதி தானாகச் சுழியமாகிவிடும். இந்த விதி இன்னும் கொஞ்ச நேரத்தில் உதவும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அசெம்பிளி நிரல் என்பது ரெஜிஸ்டர், நினைவகம், ஃபிளாக் ஆகியவற்றை வரிக்கு வரி மாற்றும் பட்டியல். அடுத்த வரி எது என்பதை ஆர்ஐபி சொல்கிறது. இதைத் தாண்டி உள்ளே ஒளிந்திருப்பது எதுவும் இல்லை என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தேவையான கருவிகள்

மூன்றே போதும். நாஸ்ம் என்ற அசெம்பிளர். அது தரும் கோப்பை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் எல்டி என்ற லிங்கர். ஓடும் நிரலை நிறுத்தி நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி என்ற டீபக்கர். மூன்றும் இலவசம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸை ஓட்டிக்கொள்ளலாம்.

நிரல் வரிகளை இங்கே உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் இட வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் மூன்று எழுத்துதான்: மூவ் என்பது எம், ஓ, வி. டெக் என்பது டி, ஈ, சி. ரெஜிஸ்டர் பெயர்களை எழுத்து எழுத்தாக உச்சரித்தபடி இடலாம்.

முதல் நிரல்: மூன்று வரி

திரையில் ஒரு வாழ்த்தைக் காட்டுவதோடு தொடங்குவது வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு முகவரி, நீளம், தரவுப் பகுதி என்று நாலைந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் தேவைப்படும். அதைவிட எளிய நிரல் ஒன்று இருக்கிறது. ஓடத் தொடங்கி, 42 என்ற எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு முடிந்துவிடும்.

_ஸ்டார்ட்:
மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
மூவ் ஆர்டிஐ, 42
சிஸ்கால்

மேலே 'குளோபல் _ஸ்டார்ட்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நிரல் தொடங்கும் இடம் எது என்று லிங்கருக்கு அது காட்டும்.

மூவ் என்பது வலப்பக்கம் இருப்பதை இடப்பக்கத்தில் பிரதி எடுக்கும். சிஸ்கால் என்பது சிஸ்டம் கால், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்பது. எந்த வேலை என்பதை ஆர்ஏஎக்ஸில் உள்ள எண்ணைப் பார்த்துக் கெர்னல் தெரிந்துகொள்ளும். லினக்ஸில் 60 என்றால் "என்னை முடித்துவிடு". 1 என்றால் "இதை எழுது". முடியும்போது எந்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஆர்டிஐயில். நிரலை ஓட்டிய கையோடு டெர்மினலில் எக்கோ போட்டு, டாலர் குறி, கேள்விக்குறி இட்டால் 42 வரும்.

இப்போது அதையே ஜிடிபிக்குள் திறவுங்கள். 'ஸ்டார்ட்ஐ' என்ற ஆணை முதல் கட்டளைக்கு முன்பே நிறுத்தும். 'ஸ்டெப்ஐ' ஒரே ஒரு கட்டளையை ஓட்டும். 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்' எல்லா ரெஜிஸ்டரையும் காட்டும். ஜிடிபி வழக்கமாகக் காட்டும் எழுத்துமுறையில் இடமும் வலமும் மாறி, விழுக்காட்டுக் குறிகளோடு வரும். 'டிஸ்அசெம்பிளி ஃப்ளேவர்' என்ற அமைப்பை இன்டெல் என்று மாற்றிவிட்டால் நாம் எழுதியபடியே தெரியும். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் இங்கேயே திகைத்துப் போகிறார்கள்.

உள்ளே பார்த்தால் ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருக்கும். நீங்கள் எழுதியது ஆர்ஏஎக்ஸ், ஜிடிபி காட்டுவது ஈஏஎக்ஸ். நாஸ்ம் செய்த வேலை அது. 60 சின்ன எண், 32 பிட்டே போதும். ஈஏஎக்ஸில் எழுதினால் மேல்பாதி எப்படியும் சுழியமாகிவிடும். ஆகவே விளைவு ஒன்றுதான், பைட்டுகள் மட்டும் குறைவு. பக்கத்தில் 60க்குப் பதில் 3சி என்றிருக்கும். அது ஹெக்ஸில் 60: மூன்று பதினாறும் பன்னிரண்டும்.

இரண்டு வரிகளைத் தாண்டும்போதும் ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஐ, ஆர்ஐபி ஆகிய மூன்றை மட்டும் கவனியுங்கள். ஆர்ஐபி ஒவ்வொரு முறையும் ஐந்தைந்தாகக் கூடும். ஏன் ஐந்து என்பது, பி8இல் தொடங்கிய அந்தப் பைட் வரிசையை நினைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுற்று: அசெம்பிளி பிடிபடும் இடம்

1 முதல் 10 வரை கூட்டுவோம்.

மூவ் ஆர்டிஐ, 0
மூவ் ஆர்சிஎக்ஸ், 10
சுற்று:
ஆட் ஆர்டிஐ, ஆர்சிஎக்ஸ்
டெக் ஆர்சிஎக்ஸ்
ஜேஎன்இசட் சுற்று
மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
சிஸ்கால்

ஆட் கூட்டும். டெக் ஒன்றைக் குறைக்கும். 'சுற்று' என்பது ஓர் இடத்துக்கு நாம் வைத்த பெயர், அதற்கு லேபிள் என்று பெயர். ஜேஎன்இசட் என்றால் "கடைசி விடை சுழியம் இல்லையென்றால் அந்த லேபிளுக்குத் தாவு". அதற்கு அது ஆர்சிஎக்ஸைப் பார்ப்பதில்லை. சீரோ ஃபிளாக்கை, அதாவது விடை சுழியமானால் எரியும் அந்த விளக்கை மட்டுமே பார்க்கிறது.

ஓட்டினால் 55. டீபக்கரில் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் ஆர்டிஐயில் 10, 19, 27, 34, 40, 45, 49, 52, 54, 55 என்று எண்கள் ஏறும். அதே நேரம் ஆர்சிஎக்ஸ் 9இலிருந்து 0க்கு இறங்கும்.

இப்போது ஆட் வரியையும் டெக் வரியையும் இடம் மாற்றிப் போடுங்கள். முதலில் குறைத்து, பிறகு கூட்டும். ஓட்டுவதற்கு முன்னால் விடையைத் தாளில் எழுதி வையுங்கள்.

பெரும்பாலோர் 45 என்று எழுதுவார்கள். முதலில் 9 ஆகிறது, 9ஐக் கூட்டுகிறோம், பிறகு 8, இப்படியே 0 வரை: 9+8+7 என்று போய் 45. நியாயமான கணக்கு. ஆனால் ஓட்டினால் வருவது 0.

இந்த 0 எங்கிருந்து வந்தது என்று தேடுவது எந்த அத்தியாயத்தையும்விட அதிகம் கற்றுத் தரும் என்பது என் உறுதியான எண்ணம். டீபக்கரில் ஒவ்வொரு சுற்றாகப் போங்கள். ஆர்சிஎக்ஸ் 0 ஆகும்போது ஆர்டிஐயில் 45 இருக்கிறது. டெக் முடிந்த கணத்தில் சீரோ ஃபிளாக் எரிகிறது. ஆனால் ஜேஎன்இசட் வருவதற்குள் நடுவில் ஆட் ஓடிவிடுகிறது. 45உடன் 0ஐக் கூட்டினால் 45, சுழியமல்ல. ஆட் தன் விடைக்கு ஏற்றபடி ஃபிளாக்கை அணைத்துவிடுகிறது. ஜேஎன்இசட் பார்ப்பது அணைந்த விளக்கை. மறுபடி தாவுகிறது.

அடுத்த சுற்றில் ஆர்சிஎக்ஸ் -1. ஆர்டிஐ 44 ஆகிறது. அடுத்து -2, ஆர்டிஐ 42. பிறகு 39, 35, 30, 24, 17, 9. கடைசியில் ஆர்சிஎக்ஸ் -9 ஆகும்போது ஆர்டிஐ சுழியமாகிறது. இப்போதுதான் ஆட் தரும் விடை சுழியம், ஃபிளாக் எரிகிறது, சுற்று நிற்கிறது. பத்துச் சுற்றில் முடிய வேண்டியது பத்தொன்பது சுற்று ஓடி, ஏறிய படிகளிலேயே இறங்கி வந்திருக்கிறது.

ஃபிளாக் யாருக்கும் சொந்தமில்லை, கடைசியாகத் தொட்டவர் வைத்ததுதான் அதில் இருக்கும் என்பதை இந்த ஒரு பயிற்சி மறக்க முடியாதபடி காட்டிவிடும். கூடவே ஒரு சோதனை: பழைய வரிசைக்கே திரும்பி, டெக்குக்கும் ஜேஎன்இசட்டுக்கும் நடுவில் 'மூவ் ஆர்8, 7' என்று ஒரு வரியை நுழைத்துப் பாருங்கள். விடை 55ஆகவே இருக்கும். மூவ் ஃபிளாக்குகளைத் தொடுவதில்லை.

100 போட்டால் ஏன் 186?

பழைய நிரலில் 10க்குப் பதில் 100 போடுங்கள். 1 முதல் 100 வரையான கூட்டுத்தொகை 5050 என்பது தெரிந்ததே. டெர்மினல் 186 என்று சொல்லும்.

நிரலில் பிழை இல்லை. முடியும் கட்டளைக்கு முன் நிறுத்திப் பார்த்தால் ஆர்டிஐயில் 5050 சரியாக இருக்கிறது. நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்ணில் கடைசி எட்டு பிட் மட்டுமே வெளியே வருகிறது. எட்டு பிட்டில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 5050ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி 186. எண்கள் நிரம்பி வழிவது பற்றிப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, இப்படிக் கையில் அகப்படுவது வேறு.

இதுவரை: ஒரு கட்டளை ரெஜிஸ்டரையும் மாற்றலாம், ஃபிளாக்கையும் மாற்றலாம், இரண்டையும் மாற்றலாம். ஜேஎன்இசட் போன்ற தாவும் கட்டளைகள் ஃபிளாக்கை மட்டுமே பார்க்கும். எந்த இடத்துக்கும் ஓர் அகலம் உண்டு, அதைத் தாண்டினால் வெட்டுப்படும்.

5050ஐத் திரையில் காட்டுவது

அப்படியானால் 5050ஐ முழுசாகத் திரையில் காட்டுவது எப்படி? மற்ற மொழிகளில் ஒரு வரி. இங்கே அந்த ஒரு வரிக்குள் என்ன ஒளிந்திருந்தது என்று தெரியவரும்.

ஆர்டிஐயில் இருப்பது ஓர் அளவு. திரை கேட்பது '5', '0', '5', '0' என்ற நான்கு எழுத்துகள். ஆஸ்கி என்ற குறிமுறையில் '0' என்ற எழுத்தின் எண் 48, '1'க்கு 49, இப்படி '9'க்கு 57. ஆகவே ஒவ்வோர் இலக்கத்தையும் பிரித்தெடுத்து 48ஐக் கூட்ட வேண்டும். பிரிப்பதற்குப் பத்தால் வகுக்க வேண்டும்:

மூவ் ஆர்ஏஎக்ஸ், 5050
மூவ் ஆர்பிஎக்ஸ், 10
எக்ஸார் ஈடிஎக்ஸ், ஈடிஎக்ஸ்
டிவ் ஆர்பிஎக்ஸ்

டிவ் வகுக்கும். ஈவு ஆர்ஏஎக்ஸில், மீதி ஆர்டிஎக்ஸில். முதல் முறை 505, மீதி 0. அடுத்து 50, மீதி 5. அடுத்து 5, மீதி 0. கடைசியாக 0, மீதி 5. இலக்கங்கள் பின்னாலிருந்து முன்னால் வருகின்றன. ஆகவே நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, அதன் கடைசிப் பெட்டியிலிருந்து முன்னோக்கி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இருபது பைட் ஒதுக்கினால் எந்த 64 பிட் எண்ணுக்கும் போதும். நினைவகத்தில் எழுதும்போது முகவரியைச் சதுர அடைப்புக்குள் இடுவோம். அடைப்பு இருந்தால் அந்த முகவரியிலுள்ள பெட்டி, இல்லாவிட்டால் அந்த எண்.

மூன்றாவது வரி எதற்கு? எக்ஸார் இரண்டு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்திருக்கும் இடத்தில் 0 வைக்கும். ஆகவே ஒரு ரெஜிஸ்டரைத் தன்னோடு தானே எக்ஸார் செய்தால் சுழியம்தான் மிஞ்சும். '0ஐப் போடு' என்று மூவ் எழுதினால் ஐந்து பைட், இது இரண்டே பைட். எந்த நிரலைப் பிரித்துப் பார்த்தாலும் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும். ஆனால் ஏன் ஆர்டிஎக்ஸைச் சுழியமாக்க வேண்டும்? டிவ் வகுப்பது ஆர்ஏஎக்ஸை மட்டுமல்ல, ஆர்டிஎக்ஸையும் ஆர்ஏஎக்ஸையும் சேர்த்த 128 பிட் எண்ணை.

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்று தப்பிக்கும், ஏனென்றால் நிரல் தொடங்கும்போது லினக்ஸில் ஆர்டிஎக்ஸ் சுழியம். மீதி 0 கிடைத்து, அதோடு 48ஐ ஆர்டிஎக்ஸிலேயே கூட்டிவிட்டால் அதில் இப்போது 48. இரண்டாம் வகுத்தலில் 48 மேல்பாதியாகச் சேர்ந்துகொள்கிறது. ஈவு 64 பிட்டில் அடங்காது. நிரல் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்' என்ற செய்தியோடு செத்துப்போகும். தசம எண்ணே எங்கும் இல்லையே என்று குழம்ப வேண்டாம். முழு எண் வகுத்தலில் வரும் தவறுக்கும் லினக்ஸ் அதே செய்தியைத்தான் அனுப்புகிறது. இந்தச் செய்தியைப் பார்த்ததும் முதலில் ஆர்டிஎக்ஸைச் சந்தேகிக்கப் பழகிவிடுவீர்கள்.

எழுத்துகள் தயாரானதும் சிஸ்கால் எண் 1: ஆர்டிஐயில் 1, அதாவது திரை. ஆர்எஸ்ஐயில் எழுத்துகள் தொடங்கும் முகவரி. ஆர்டிஎக்ஸில் எத்தனை எழுத்து.

காணாமல் போகும் எண்ணிக்கை, அதற்கு ஸ்டாக்

திரையில் எழுத வந்துவிட்டதும் அடுத்த ஆசை, அதைச் சுற்றுக்குள் வைத்துப் பத்து முறை எழுதுவது. ஆர்சிஎக்ஸில் 10 வைத்து, எழுதி, டெக் செய்து, தாவினால் நிரல் நிற்கவே நிற்காது.

சிஸ்காலுக்கு முன்னும் பின்னும் ஆர்சிஎக்ஸைப் பாருங்கள். முன்னால் 10. பின்னால் ஏதோ பெரிய எண். உற்றுப் பார்த்தால் அது சிஸ்காலுக்கு அடுத்த கட்டளையின் முகவரி. கெர்னலுக்குள் போய்விட்டுத் திரும்பி வர வேண்டிய இடத்தைச் சிஸ்கால் கட்டளை ஆர்சிஎக்ஸில்தான் குறித்து வைக்கிறது. ஆர்11இலும் ஃபிளாக்குகளைப் பிரதி எடுத்து வைக்கிறது. இரண்டிலும் இருந்தது போய்விடும்.

காப்பாற்றி வைக்க ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் ஸ்டாக்: நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். அதன் உச்சி எங்கே என்று ஆர்எஸ்பி சொல்லும். 'புஷ் ஆர்சிஎக்ஸ்' என்றால் ஆர்எஸ்பி எட்டு குறைந்து, அந்த இடத்தில் ஆர்சிஎக்ஸ் எழுதப்படும். 'பாப் ஆர்சிஎக்ஸ்' அதைத் திரும்ப எடுத்து, ஆர்எஸ்பியை எட்டு கூட்டும். சிஸ்காலுக்கு முன் ஒரு புஷ், பின் ஒரு பாப். சுற்று பத்தில் நிற்கும்.

ஃபங்ஷன், அதாவது வேண்டும்போது அழைத்து, முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பும் நிரல் துண்டு, இதே ஸ்டாக்கின் மேல்தான் நிற்கிறது. 'கால்' என்ற கட்டளை, அடுத்த வரியின் முகவரியைப் புஷ் செய்துவிட்டுத் தாவும். 'ரெட்' அந்த முகவரியைப் பாப் செய்து ஆர்ஐபியில் போடும். அவ்வளவுதான். ரெட்டுக்கு முன் 'புஷ் 7' என்று ஒரு வரி கூடுதலாக எழுதி ஓட்டுங்கள். ரெட் அந்த 7ஐத் திரும்ப வேண்டிய முகவரி என்று நம்பி அங்கே போகும். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்ற இடத்தில் ஆர்ஐபியைக் கேட்டால் 7 என்றே சொல்லும். அனுமதியில்லாத முகவரியைத் தொட்டதற்கான செய்தி அது.

கையால் எழுதினால் வேகமா?

அசெம்பிளியில் எழுதினாலே வேகம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1 முதல் 10 வரை கூட்டும் அதே சுற்றைச் சி மொழியில் எழுதி, ஜிசிசி கம்பைலரிடம் ஓ2 என்ற மேம்பாட்டு நிலையில் கொடுங்கள். கம்பைலர் என்பது உயர்நிலை மொழியை அசெம்பிளியாக்கும் நிரல். அது தருவது:

மூவ் ஈஏஎக்ஸ், 55
ரெட்

சுற்றே இல்லை. விடையை முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டது. நாம் கையால் எழுதிய பத்துச் சுற்று இதனிடம் நிற்க முடியாது. சாதாரண நிரல்களில் கம்பைலரை வெல்வது கடினம், அதற்காக அசெம்பிளி கற்க வேண்டியதும் இல்லை.

கை எழுத்து இன்றும் வெல்லும் இடங்கள் உண்டு. எஃப்எஃப்எம்பெக், டேவ்1டி போன்ற வீடியோ நிரல்களில் அசெம்பிளி வரிகள் ஏராளம். ஏவிஎக்ஸ்2 வசதியுள்ள ப்ராசஸரில், நாம் பார்த்த பதினாறைத் தவிர 256 பிட் அகலமுள்ள தனி ரெஜிஸ்டர்களும் உண்டு. எட்டு பிட் நிறப்புள்ளிகள் 32ஐ ஒரே கட்டளையில் கையாளலாம். இதைக் கம்பைலர் எப்போதும் நன்றாகக் கண்டுபிடிப்பதில்லை. கெர்னல் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ரெஜிஸ்டர்களைக் கழற்றி மாட்டும் சிறு பகுதியும் அசெம்பிளிதான்.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இதன் பயன் எழுதுவதில் இல்லை, படிப்பதில் இருக்கிறது. மூலநிரல் கிடைக்காத ஒரு நிரல் என்ன செய்கிறது என்று ஆராய்பவர்களுக்கும், நிரல் செத்த இடத்தில் என்ன நடந்தது என்று தேடுபவர்களுக்கும் கையில் கிடைப்பது அசெம்பிளி மட்டும்தான்.

படிக்கப் பழக கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற தளம் அருமையானது. மாட் காட்போல்ட் 2012இல் தொடங்கியது. இடப்பக்கம் சி நிரல் எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி உடனுக்குடன் மாறும். ஒரு முழு எண்ணை வாங்கி 5ஆல் பெருக்கித் தரும் ஃபங்ஷனை அங்கே எழுதி, ஓ2 கொடுங்கள். ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முதல் மதிப்பு ஆர்டிஐயில் வரும், விடை ஆர்ஏஎக்ஸில் போகும் என்பது லினக்ஸில் எல்லோரும் பின்பற்றும் ஒப்பந்தம். பெருக்கல் கட்டளை வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது இது:

லியா ஈஏஎக்ஸ், [ஆர்டிஐ+ஆர்டிஐ*4]

லியா முகவரியைக் கணக்கிட மட்டுமே செய்யும், பெட்டியைத் திறக்காது. முகவரிக் கணக்கில் 2, 4, 8 ஆகியவற்றால் பெருக்க அனுமதி உண்டு. அந்த வசதியைக் கம்பைலர் இங்கே 5ஆல் பெருக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. இப்போது 5ஐ 3 ஆக்கினால் அந்த வரியில் எது மாறும்? 9 ஆக்கினால்? 10க்கு இந்த ஒரு வரி போதாது, பின்னால் 'ஆட் ஈஏஎக்ஸ், ஈஏஎக்ஸ்' என்று இன்னொன்று சேரும். ஏன் என்று தாளில் எழுதிவிட்டுப் பிறகு 10ஐத் தட்டுங்கள்.